வீட்டு மரங்களை எந்த மாதத்தில் கழிக்கலாம்? செட்டிநாட்டுப் பக்கத்துக்கு ஓர் ஆரம்பப் பாடம்

சித்திரை பிறந்து பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டதும், எங்கள் ஊரில் வருடம் முழுக்கப் பூட்டிக் கிடந்த வீடுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பங்காளிகள் வருவார்கள், முகப்பைக் கழுவுவார்கள், பட்டாலையில் பாய் விரிப்பார்கள். மூன்றாம் நாள் காலையில் யாராவது ஒருவர் கிணற்றடிப் பக்கம் போய் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "என்ன இது காடு மாதிரி கிடக்கு, ஆளைக் கூப்பிட்டு எல்லாத்தையும் கழிச்சுவிடச் சொல்லு" என்பார். சாயங்காலத்துக்குள் வேம்பு மொட்டை, மா மொட்டை, கொய்யா பாதி. வந்தவர்கள் பத்து நாளில் கிளம்பிவிடுவார்கள். மரம் கத்திரி வெயிலில் ஒரு இலைகூட இல்லாமல் பட்டை வெடிக்க நின்றுகொண்டிருக்கும்.

வருடா வருடம் இதைப் பார்த்து வயிறெரிந்துதான் எழுத உட்கார்ந்தேன். மரம் கழிப்பது தப்பே இல்லை, கழிக்க வேண்டிய மரத்தைக் கழித்துத்தான் ஆகவேண்டும். ஆனால் நமக்கு எப்போது லீவு கிடைக்கிறதோ அப்போது கழிக்கிறோம். மரத்துக்கு என்று ஒரு நாள்கணக்கு இருக்கிறது, அதைத் தெரிந்துகொள்ள பெரிய படிப்பெல்லாம் வேண்டாம்.

முதலில் கவாத்து என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். எங்கள் பக்கம் கொப்புக் கழிக்கிறது என்பார்கள், விவசாயத் துறைக்காரர்கள் கவாத்து என்பார்கள், இரண்டும் ஒன்றுதான். எந்தக் கிளை மரத்துக்குப் பாரமாக இருக்கிறது, எது உள்ளே வெளிச்சம் போகவிடாமல் மறைக்கிறது, எது இன்னொன்றின் மேல் உரசுகிறது என்று பார்த்து, அதை மட்டும் எடுப்பது கவாத்து. உச்சியில் அரிவாளை வைத்து ஒரே மட்டமாகச் சீவிவிடுவதை மொட்டையடிப்பது என்றுதான் சொல்லவேண்டும். மொட்டையடித்த மரம் அடுத்த மழையில் வெட்டுவாயைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகத் துளிர்விடும், பார்த்தால் நன்றாகத் தழைத்துவிட்டது என்று தோன்றும். அந்தக் கிளைகளில் ஒன்றைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், பட்டையோடு கழன்று வரும். உள் மரத்தில் வேர்பிடித்து வந்த கிளை அல்ல அது, மேலோடு ஒட்டிக்கொண்டு வளர்ந்தது. நாலு வருடம் கழித்து அது கனமாகி, ஒரு காற்றில் ஓட்டுக்கூரை மேல் விழும்போது மரத்தைத் திட்டுவோம்.

சரி, மாதம் ஏன் முக்கியம்? மரத்தின் சமையலறை இலை. வெயிலை வைத்து இலை சமைக்கிறது, அன்றன்றைக்குச் செலவானது போக மிச்சத்தைத் தண்டிலும் வேரிலும் மாவுச்சத்தாகச் சேர்த்து வைக்கிறது. பழைய வீடுகளில் அறுவடை நெல்லைப் பத்தாயத்தில் கொட்டி வைத்து அடுத்த அறுவடை வரைக்கும் எடுத்துச் சாப்பிட்ட மாதிரி. புதுத் துளிர் விடும்போது மரம் பத்தாயத்தைத் திறந்து வாரி இறைக்கிறது. அந்தத் துளிர் முற்றி, கரும்பச்சையாகி, தன் பங்குக்குச் சமைத்துப் பத்தாயத்தில் போட ஆரம்பிக்கும் வரை மரம் கடனில்தான் நிற்கிறது. அந்த நேரத்தில் போய்த் தழையை வெட்டினால், செலவு செய்தது அத்தனையும் வீண், மறுபடி முதலிலிருந்து துளிர்க்கப் பத்தாயத்தில் இருப்பும் குறைவு. இப்படி இரண்டு மூன்று வருடம் தொடர்ந்து செய்தால் நல்ல மரமே நுனியிலிருந்து காய்ந்து வர ஆரம்பித்துவிடும்.

இரண்டாவது விஷயம், வெட்டுக் காயம். நமக்குத் தோல் கிழிந்தால் அதே இடத்தில் புதுத் தோல் வந்து ஆறிவிடும். மரத்துக்கு அப்படி ஆறுவது கிடையாது. காயம் பட்ட இடத்தை அது உள்ளே சுவர் எழுப்பி அடைத்துவிட்டு, அதற்கு மேல் புதிதாக வளர்ந்து மூடிக்கொள்கிறது. அமெரிக்க வனத்துறையில் வேலை பார்த்த அலெக்ஸ் ஷைகோ என்பவர் ஆயிரக்கணக்கான மரங்களை ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்துப் பார்த்து, 1970களில் இதை விளக்கமாக எழுதினார். இந்தச் சுவர் எழும்ப மரம் விழிப்பாக இருக்கவேண்டும், கையில் சேமிப்பும் இருக்கவேண்டும். தண்ணீர் இல்லாமல் சுருண்டு கிடக்கும் வைகாசியில் அது மெதுவாகத்தான் நடக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெட்டினாலோ, காயம் மூடுவதற்குள் ஈரத்தோடு பூஞ்சாணம் உள்ளே போய்விடும்.

இப்போது இணையத்தில் தேடினால் வரும் பதிலுக்கு வருவோம். பெரும்பாலான வீடியோக்கள் குளிர்காலக் கடைசியில், அதாவது பிப்ரவரி, மார்ச்சில் வெட்டுங்கள் என்று சொல்லும். அது தப்பான செய்தி அல்ல, குளிர்நாட்டுச் செய்தி. அங்கே பனிக்காலத்தில் மரம் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு, சேமிப்பை வேருக்குள் வைத்துக்கொண்டு தூங்குகிறது, அது விழிக்கப் போகும் சமயத்தில் வெட்டினால் வசந்தத்தில் முழு பலத்தோடு துளிர்க்கும். நம் மரங்களுக்கு அந்தத் தூக்கமே கிடையாது. பிப்ரவரி என்றால் நமக்குத் தை, மாசி. மா பூவும் பிஞ்சுமாக நிற்கும், புளி பழுத்துக்கொண்டிருக்கும், வேம்பு பழைய இலையைக் கொட்டிவிட்டுப் புதுக் கொழுந்துக்குத் தயாராகிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் குளிர்நாட்டுக் காலண்டரைப் பார்த்து அரிவாளை எடுத்தால் அந்த வருட மகசூலையே வெட்டிப் போடுகிறோம்.

நம் ஊர்க் காலண்டர் வேறு. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான், திருமயம் வரைக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். மண் சரளை கலந்த செம்மண், தண்ணீரைப் பிடித்து வைக்காது, ஊற்றிய குடம் ஊற்றிய நிமிடத்தில் இறங்கிவிடும். பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில், வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டி ஆரம்பித்து டிசம்பர் வரை. அதற்கு முன்னால் ஆவணி, புரட்டாசியில் சாயங்காலம் இடி இடித்து ஒரு மணி நேரம் கொட்டிவிட்டுப் போகும் மழைகள் உண்டு. பங்குனி முதல் ஆனி வரை வெயில், அப்புறம் அம்மியைப் பறக்கவிடும் ஆடிக் காற்று. இங்கே மரங்கள் ஓய்வெடுப்பது குளிரில் அல்ல, கோடை வறட்சியில்தான்.

இதிலிருந்து நமக்கு வேண்டிய சட்டம் தானாக வந்துவிடுகிறது: காய் பறித்து முடித்த பிறகு, பெருமழைக்கு முன்னால். பெரும்பாலான வீட்டு மரங்களுக்கு அது ஆடிக் கடைசியிலிருந்து புரட்டாசி முதல் வாரம் வரை, ஆங்கில மாதத்தில் சொன்னால் ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் மூன்றாவது வாரம் வரை. அந்தச் சமயத்தில் வெட்டினால் இடிமழையில் துளிர் எழும்பும், வெட்டுவாய் ஓரளவு காய்ந்து மூட ஆரம்பித்திருக்கும், பெருமழை வரும்போது இலை முற்றிச் சமையலைத் தொடங்கியிருக்கும்.

மாமரத்தை வைத்து இதை விளக்கினால் நன்றாகப் புரியும், எனக்கும் அதுதான் கற்றுக்கொடுத்தது. சில வருடங்களுக்கு முன் தை மாதம் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம். பின்கட்டுக்கு வெளியே பந்தல் போட இடம் வேண்டும் என்று மார்கழியில் மாமரத்தின் கிழக்குப் பக்கக் கிளைகளை மட்டும் வெட்டிவிட்டோம், மேற்குப் பக்கத்தைத் தொடவில்லை. கல்யாணம் முடிந்தது, எல்லோரும் மறந்துவிட்டோம். பங்குனியில் ஒரு நாள் தண்ணீர் இறைக்கப் போனபோது நிமிர்ந்து பார்த்தேன். மேற்குப் பக்கம் எலுமிச்சை அளவுக்குக் காய்கள் காம்பு காம்பாகத் தொங்குகின்றன, கிழக்குப் பக்கம் ஒரு பிஞ்சு இல்லை, அங்கே முழுக்கச் செம்பு நிறத்தில் பளபளவென்று இளந்தளிர். ஒரே மரம், ஒரே வேர், ஒரே தண்ணீர். நடுவில் கோடு போட்டுப் பிரித்த மாதிரி இருந்தது.

காரணம் இதுதான். மா பூப்பது கிளையின் நுனியில், அதுவும் முற்றிய கிளையின் நுனியில். ஆவணி, புரட்டாசியில் விட்ட தளிர், செம்பு நிறம் போய்ப் பச்சையாகி, தோல் மாதிரித் தடித்து, மூன்று நான்கு மாதம் முற்றினால்தான் மார்கழி, தைப் பனியில் பூமொட்டாக மாறும் பக்குவம் அதற்கு வரும். நாங்கள் மார்கழியில் வெட்டியதில் அந்த நுனிகள் அத்தனையும் போய்விட்டன, அடியிலிருந்து வந்த புதுக் கிளைக்கு வயது பத்தவில்லை. அதையே ஆவணியில் செய்திருந்தால் பந்தலுக்கும் இடம் கிடைத்திருக்கும், கிழக்கிலும் காய்த்திருக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் மாவுக்கு ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் உட்கிளைகளைக் கழிக்கச் சொல்கிறது, அதுவும் மூன்று வருடத்துக்கு ஒரு முறை போதும் என்கிறது. வருடா வருடம் மாமரத்தின் மேல் ஏறவேண்டிய அவசியமே இல்லை. பழம் பறித்து முடித்ததும் காய்ந்த காம்புகளை ஒடித்துவிடுவது, நடுவில் இருட்டடைந்து கிடக்கும் குச்சிகளை எடுத்து வானம் தெரிகிற மாதிரி வைப்பது, ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழே தலைகாட்டும் துளிரைக் கிள்ளிவிடுவது, இவ்வளவுதான். வெட்டும்போது சொனைப்பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பட்டால் எரிந்துபோகும்.

வேம்புக்கும் இதே ஆவணிதான். மாசி, பங்குனியில் கொழுந்தும் பூவும் வரும், அந்தப் பூதான் சித்திரை முதல் நாள் பச்சடிக்கு. ஆனி, ஆடியில் பழம் உதிரும், கொட்டை பொறுக்குகிறவர்கள் வந்து போவார்கள். அதற்கப்புறம் கழித்தால் யாருக்கும் நஷ்டமில்லை. இங்கே ஒரு சங்கடம் உண்டு. கோடையில் மேய்ச்சல் காய்ந்து போனதும் ஆடு வைத்திருப்பவர்கள் தழை கேட்டு வருவார்கள், வாயில்லா ஜீவனுக்கு இல்லை என்று சொல்ல மனசு வராது. மாசி, பங்குனியில் காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழா சமயத்தில் வேப்பிலைக்கும் ஆள் வரும். கைக்கெட்டும் சிறு கொப்புகளைத் துறட்டியால் ஒடித்துக் கொடுப்பதில் மரத்துக்கு ஒன்றும் ஆகிவிடாது, தாராளமாகக் கொடுங்கள். கை தடிமனுக்கு மேலுள்ள கிளையை மட்டும் அப்போது தொடவேண்டாம்.

முருங்கை தனி ரகம். முருங்கையை ஒடித்து வளர்க்கவேண்டும் என்று நம் பெரியவர்கள் சொன்னது சரியான விவசாயப் பாடம். அதன் மரம் பஞ்சு மாதிரி, நீளமாகப் போனால் ஆடிக் காற்றில் தானாகவே முறிந்து விழும், காயும் எட்டாத உயரத்தில் தொங்கும். கோடைக் காய்ப்பு ஓய்ந்ததும் ஆனிக் கடைசியில், காற்று பலப்படுவதற்கு முன் வெட்டிவிடலாம். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்.1 மாதிரி செடிமுருங்கை என்றால் காய்ப்பு முடிந்ததும் தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் விட்டு வெட்டச் சொல்கிறார்கள், நான்கைந்து மாதத்தில் மறுபடி காய்க்கும். அதே செடியைச் சிறு வயதில், இடுப்பளவு வருவதற்கு முன் 75 சென்டிமீட்டரில் நுனி கிள்ளிவிட்டால் பக்கக் கிளை நிறைய வரும். போத்து, அதாவது வெட்டிய கிளையை நட்டு வளர்த்த பழைய மரமுருங்கையை அவ்வளவு தாழ்த்த வேண்டாம், ஆள் உயரத்தில் நிறுத்துங்கள். வெட்டைச் சாய்வாக வெட்டவேண்டும், மட்டமாக வெட்டினால் அந்தத் தட்டில் மழைத்தண்ணீர் தேங்கித் தண்டு உள்ளே அழுகிவரும். எங்கள் பக்கம் வெட்டுவாயில் ஒரு உருண்டை சாணியை அப்புவார்கள், என் அனுபவத்தில் சாணியைவிடச் சாய்வுதான் காப்பாற்றுகிறது. தாழ்வாக வைத்த மரத்தில் இன்னொரு வசதி, மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி அடித்தண்டில் கூட்டமாக அடைந்தால் கண்ணில் பட்டுவிடும், உடனே ஒழித்துவிடலாம்.

கொய்யாவுக்கு விஷயம் எளிது. அது புதிதாக வருகிற கிளையில்தான் பூக்கும், ஆகையால் வெட்ட வெட்டக் காய்க்கும். வருடத்துக்கு இரண்டு முறை, செப்டம்பர் அக்டோபரிலும் பிப்ரவரி மார்ச்சிலும், போன பருவத்தில் வளர்ந்த நுனிகளை 10 முதல் 15 சென்டிமீட்டர் வெட்டிவிட்டால் போதும். நம் பக்கம் மாசியில் வெட்டினால் பின்னாலேயே கோடை வந்துவிடுகிறது, தண்ணீர் விட வசதி இருந்தால் மட்டும் அந்த இரண்டாவது கவாத்தைச் செய்யுங்கள். வெட்டவே பிடிக்காதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு: நெட்டுக்குத்தாக வளர்ந்த கிளையை மெதுவாக வளைத்துக் கயிற்றால் இழுத்துத் தரையில் முளையடித்துக் கட்டிவிடுங்கள். கிளை படுத்ததும் அதன் முதுகு முழுக்கக் கணுவுக்குக் கணு துளிர் கிளம்பும், அதில் பூ வரும். சிறிய தோட்டத்துக்கு இதைவிட நல்ல வித்தை எனக்குத் தெரியாது.

மாதுளையும் பூச்செடிகளும் பெருமழை முடிகிற நேரத்துக்குப் போகின்றன. மாதுளையை டிசம்பரில், போன பருவக் கிளைகளில் மூன்றில் ஒரு பங்கு நீளத்தைக் குறைத்துவிட்டு, அடியிலிருந்து கிளம்பும் தூர்க்குச்சிகளையும் எடுத்துவிட்டால், பிப்ரவரி மார்ச்சில் பூக்கும். குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரம் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் விட்டு வெட்டுகிறார்கள், பிச்சியை டிசம்பர் கடைசியில் 45 சென்டிமீட்டர், முல்லையை ஜனவரி கடைசியில் அதே 45. முதல் தடவை மல்லியை அப்படி முழங்கால் அளவுக்கு வெட்டும்போது கை நடுங்கும், வெட்டிவிடுங்கள். பங்குனியில் கூடை போதாது.

எலுமிச்சையில் அதிகம் கைவைக்க வேண்டாம். நடுவிலிருந்து நேர் குத்தாக, பெரிய முள்ளோடு, மற்ற கிளைகளைவிட இரண்டு மடங்கு வேகத்தில் ஒன்று மேலே போகிறதா, அது நீர்ப்போத்து, சாப்பாட்டை இழுக்குமே தவிர காய்க்காது. பிஞ்சாக இருக்கும்போதே கையால் ஒடித்துவிடலாம், அதற்கு மாதம் பார்க்கவேண்டாம். மற்றபடி காய்ந்த குச்சிகளையும் தரையைத் தொடும் கிளைகளையும் எடுப்பதை மழைக்கு முன்பே முடித்துவிடுங்கள், ஏனென்றால் இலையிலும் காயிலும் சொறி மாதிரி வரும் பாக்டீரியா நோய் மழைத் தெறிப்பில்தான் காயத்துக்குக் காயம் தாவுகிறது. சப்போட்டாவுக்கு ஒட்டுக்குக் கீழே வரும் துளிரைக் கிள்ளினால் முக்கால்வாசி வேலை முடிந்தது. பலா, தண்டிலும் தடித்த கிளையிலும் காய்ப்பது, பழம் இறக்கியதும் பழைய காம்புகளைச் சுத்தமாக எடுத்துவிட்டு உள்ளே கொஞ்சம் வெளிச்சம் விடுங்கள். கறிவேப்பிலைக்கு நாம் சமையலுக்குப் பறிப்பதே கவாத்து, ஆனால் இலையை மட்டும் உருவி எடுக்காமல் குச்சியோடு ஒடிக்கவேண்டும், அந்த இடத்தில் இரண்டாகப் பிரியும்.

தென்னையைக் கவாத்துச் செய்யவே கூடாது. தோட்டத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று பச்சை மட்டைகளை வழித்து, உச்சியில் குடுமி மாதிரி நாலு மட்டையை விட்டு வைக்கிறார்கள், பார்க்கவே பாவமாக இருக்கும். ஒவ்வொரு பச்சை மட்டையும் ஒரு குலைக்குச் சோறு போடுகிறது. அது போக, பச்சைக் காயத்தின் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும், புழு தண்டுக்குள் போய்விட்டால் மரம் தப்பிப்பது கஷ்டம். கரண்டுக் கம்பியில் உரசுகிறது, வெட்டியே ஆகவேண்டும் என்றால் தண்டிலிருந்து 120 சென்டிமீட்டர், அதாவது நாலடி மட்டையை விட்டுவிட்டு வெட்டுங்கள், புழு உள்ளே வந்து சேர்வதற்குள் அந்த மட்டைக்கட்டை காய்ந்துவிடும். தானாகக் காய்ந்து தொங்குவதை மட்டும் எடுத்தால் போதும்.

மாதம் பார்க்காமல் எடுக்க வேண்டியவை மூன்று உண்டு, காய்ந்த கிளை, ஒடிந்து தொங்கும் கிளை, நோய் பிடித்த கிளை. காய்ந்ததா உயிரோடு இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் விரல் நகத்தால் பட்டையைக் கொஞ்சம் சுரண்டுங்கள். உள்ளே ஈரமாகப் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, விட்டுவிடுங்கள். பழுப்பாகப் பொடிந்தால் இன்னும் கொஞ்சம் கீழே போய் மறுபடி சுரண்டிப் பாருங்கள், எந்த இடத்தில் பச்சை ஆரம்பிக்கிறதோ அதற்கு அடுத்த கணுவுக்கு மேல் வெட்டுங்கள். கோடையில் இலையுதிர்த்து நிற்கும் மரத்தைச் செத்துவிட்டது என்று அடியோடு சாய்த்தவர்களை எனக்குத் தெரியும், ஒரு நகச் சுரண்டலில் தெரிந்திருக்கும்.

இனி எங்கே வெட்டுவது. இது மாதத்துக்குச் சமமான விஷயம். தடித்த கிளை தண்டோடு சேரும் இடத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள், மோதிரம் போட்ட மாதிரி ஒரு சுருக்கமும் புடைப்பும் இருக்கும், மரத்துக்கு மரம் கொஞ்சம் மாறும். அதைக் கிளையின் கழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். காயத்தை மூடும் சக்தி முழுக்க அந்தப் புடைப்பில்தான் இருக்கிறது. அதைச் சேர்த்துத் தண்டோடு தண்டாகச் சீவினால் மரம் மூட முடியாமல் பொந்து விழும், ஒரு முழம் விட்டு வெட்டினால் மிச்சமிருக்கும் கட்டை செத்து அழுகி உள்ளே இறங்கும். புடைப்பை ஒட்டி, புடைப்பைத் தொடாமல் வெட்டவேண்டும். சரியாக வெட்டிய இடத்தில் ஒரு வருடத்தில் சுற்றிலும் வடை மாதிரி வளையம் எழும்பியிருக்கும், மெதுவாக நடுவை நோக்கி மூடிக்கொண்டே வரும்.

கனமான கிளையை ஒரே வெட்டில் வெட்டாதீர்கள், பாதி அறுக்கும்போதே அது தன் பாரத்தில் முறிந்து, தண்டின் பட்டையை ஒரு ஆள் நீளத்துக்கு உரித்துக்கொண்டு விழும். முதலில் தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி, அடிப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி மூன்றில் ஒரு பங்கு ரம்பத்தால் அறுங்கள். அப்புறம் அதற்குக் கொஞ்சம் வெளியே மேலிருந்து அறுத்தால் கிளை பட்டையைக் கிழிக்காமல் விழுந்துவிடும். கடைசியாக மிச்சக் கட்டையைக் கழுத்தருகே எடுங்கள். அரிவாள் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், கட்டைவிரல் தடிமன் வரைக்கும் நல்ல கூர் அரிவாள் ஒரே வீச்சில் சுத்தமாக எடுக்கும், அதற்கு மேல் ரம்பம்தான். ஒரு மரத்தில் ஒரே சமயத்தில் நாலில் ஒரு பங்குத் தழைக்கு மேல் எடுக்காதீர்கள். மீதி இருந்தால் அடுத்த ஆவணி வராமலா போகும்? கூடு இருக்கிறதா என்று ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு ஏறச் சொல்லுங்கள். மின்கம்பி பக்கத்தில் இருந்தால் மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்தாமல் யாரையும் மரத்தில் ஏற்றவே கூடாது.

வெட்டுவாயில் தார், பெயின்ட் பூசுவது பழைய பழக்கம். உள்ளே அழுகுவதை அது தடுப்பதில்லை என்று ஷைகோ அறுத்துப் பார்த்துச் சொன்னார், சில நேரம் ஈரத்தை உள்ளேயே பூட்டி வைத்துவிடும். சின்ன வெட்டுக்கு ஒன்றுமே பூசவேண்டாம். மணிக்கட்டுத் தடிமனுக்கு மேல் வெட்டியிருந்து மழையும் நெருங்குகிறது என்றால் போர்டோ பசை பூசலாம், அது பூஞ்சாணத்தைத் தடுக்கும் மருந்து. வீட்டிலேயே செய்துவிடலாம். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராமை அரை லிட்டர் தண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் வாளியிலோ மண்சட்டியிலோ கரையுங்கள், இரும்புப் பாத்திரம் ஆகாது. இன்னொன்றில் சுட்ட சுண்ணாம்பு 100 கிராமை அரை லிட்டரில் நீற்றிக் கரையுங்கள், நீறும்போது கொதிக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். சுவர்ப் பூச்சுக்கே சுண்ணாம்பு அரைத்த ஊர் நம்முடையது, நல்ல சுண்ணாம்பு கிடைப்பதில் கஷ்டமில்லை. ஆறியதும் சுண்ணாம்பில் மயில்துத்தக் கரைசலை மெதுவாக ஊற்றிக்கொண்டே குச்சியால் கிண்டுங்கள், வான நீலத்தில் களி மாதிரி வரும். பளபளப்பான ஒரு கத்தியை அதில் ஒரு நிமிடம் விட்டு எடுங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் சேருங்கள், படியாமல் வந்தால் பசை தயார். அன்றைக்கே பூசிவிடவேண்டும், மறுநாளைக்கு வைத்தால் வேலைக்கு ஆகாது. மயில்துத்தம் விஷம், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

காற்றுக்குப் பயந்து மொட்டையடிக்கிறோம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்தைப் புரட்டிப் போட்டதை யாரும் மறந்திருக்கமாட்டோம். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் காற்று மரத்தைச் சாய்ப்பது அது பாய்மரம் மாதிரி அடர்ந்து நிற்கும்போது. ஆவணியில் உட்கிளைகளைக் களைந்து காற்று ஊடே புகுந்து போக வழிவிட்டால் மரம் ஆடி அசைந்து தாங்கிக்கொள்ளும். வீட்டு ஓட்டுக்கு மேல் நீண்டிருக்கும் கிளையைக் கழுத்துவரை எடுத்துவிடுங்கள், அதில் யோசிக்கவே வேண்டாம், சருகு விழுந்து தூம்பு அடைத்துக்கொண்டால் மழைத்தண்ணீர் முற்றத்துக்கு வராமல் சுவரில் இறங்கும்.

வெட்டி முடித்ததும் மரத்தடியைக் கொத்தி, நாலைந்து குடம் தண்ணீர் ஊற்றி, வெட்டிய தழையையே அடியில் மூடாக்காகப் பரப்பிவிடுங்கள், தண்டை ஒட்டாமல் ஒரு சாண் இடம் விட்டு. நம் சரளை மண்ணுக்கு அந்த மூடாக்குதான் ஈரம் காக்கும். மழை வராமல் ஏமாற்றினால் வாரம் ஒரு முறை தண்ணீர் கொடுங்கள், துளிர் முற்றும் வரைக்கும்.

மே மாதம் மட்டுமே வரமுடிகிற வெளியூர்க்காரர்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். எங்கள் தெருவில் ஒரு ஆச்சி வீட்டில் செய்வதைச் சொல்கிறேன். அவர்கள் வருவது சித்திரையில்தான். வந்ததும் மரம் ஏறுகிறவரைக் கூட்டிக்கொண்டு தோட்டத்தைச் சுற்றுவார்கள், எந்தக் கிளை போகவேண்டும் என்று இருவரும் பேசி முடிவு செய்து, அந்தக் கிளையின் கழுத்துக்குப் பக்கத்தில் சுண்ணாம்பால் ஒரு வளையம் போட்டுவிட்டு ஊருக்குப் போய்விடுவார்கள். சுண்ணாம்பு வளையம் வெயிலுக்கும் காற்றுக்கும் மங்கினாலும் ஆவணி வரை தெரியும். ஆவணியில் மரம் ஏறுகிறவர் வந்து, வளையம் போட்டதை மட்டும் அறுத்துவிட்டு, வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் சொல்லி ஆச்சிக்குப் போன் போடுவார். போன வருடம் நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். "வேம்புல மூணு, மாவுல ரெண்டு ஆச்சி, கொய்யாவைக் கயித்துல இழுத்துக் கட்டிட்டேன்" என்றார். அந்தப் பக்கத்திலிருந்து, "மழை பெஞ்சுச்சா?" என்று மட்டும் கேட்டார்கள். முந்தின நாள் சாயங்காலம் ஒரு மணி நேரம் பெய்திருந்தது.